பாலில் இருந்த குற்றம்: பசியாவரத்திலிருந்து சில குறிப்புகள்

பசியாவரம் என்ற பெயரைப் பிரித்துப் படித்தால் 'பசியா வரம்'. ஊர்ப்பெயர் ஆராய்ச்சிக்காரர்கள் வேறு வேர்ச்சொல் காட்டக்கூடும், எனக்கு அதில் சண்டையில்லை. பொன்னேரி வட்டத்தில், பழவேற்காடு ஏரியில், கடைத்தெருவும் ஆஸ்பத்திரியும் இருக்கிற கரையிலிருந்து தண்ணீரால் பிரிந்து கிடக்கிற மீனவக் குடியிருப்பு அது. தலைமுறை தலைமுறையாக அங்கே போகவும் வரவும் படகுதான். பாலம் என்கிற பேச்சும் வேலையும் அண்மை ஆண்டுகளில் வந்தவை. ராத்திரியில் குழந்தைக்குப் பேதி கண்டால் காற்றும் நீர்மட்டமும் படகுக்காரரும் ஒத்துவர வேண்டும், அப்புறம்தான் டாக்டர். இப்படிப்பட்ட இடத்தில் 'வீட்டிலேயே பிள்ளையைப் பார்த்துக்கொள்வது எப்படி' என்று தாய்மார்களுக்குச் சொல்லிக்கொடுப்பது நல்ல காரியம்தானே என்று கேட்பீர்கள். நல்ல காரியம்தான். ஆனால் அந்த நல்ல காரியத்துக்கு ஒரு வரலாறு இருக்கிறது. அந்த வரலாற்றில் தாய் முதலில் குற்றவாளியாகவும் பிறகு மாணவியாகவும் உட்காரவைக்கப்படுகிறாள். நடுவில் அவளை யாரும் எதுவும் கேட்டதாகத் தெரியவில்லை.

'தாய்மார்களுக்கு விழிப்புணர்வு இல்லை' என்கிற வாக்கியத்தைச் சுகாதார அதிகாரி சொல்கிறார், தொண்டு நிறுவனத்துக்காரர் சொல்கிறார். மேடையேறினால் நம் தோழர்களும் சொல்கிறார்கள். இதற்கு எதிர்வாக்கியம் ஒன்றும் நம்மிடம் தயாராக இருக்கிறது: 'இதெல்லாம் உலக வங்கியின் சூழ்ச்சி, வறுமையை மறைக்கும் சொல்லாடல், உடலின் மீதான கண்காணிப்பு.' இரண்டு வாக்கியங்களையும் நான் நம்பவில்லை. முதலாவது பொய். இரண்டாவது பாதி உண்மை. அந்தப் பாதியைச் சொல்லி முடித்த கையோடு செத்துப்போன பிள்ளைகளை மறந்துவிடுகிற சௌகரியம் அதில் இருக்கிறது.

தமிழ் வகுப்பில் பிள்ளைத்தமிழை நமக்குப் பக்தி இலக்கியமாகவும் சிற்றிலக்கிய வகையாகவும் சொல்லித்தந்தார்கள். அதைக் கொஞ்சம் வேறு மாதிரி படித்துப் பாருங்கள். மூன்றாம் மாதம் காப்பு, ஐந்தில் செங்கீரை, ஏழில் தால், ஒன்பதில் சப்பாணி, பதினொன்றில் முத்தம், பதின்மூன்றில் வருகை என்று பாட்டியல் நூல்கள் மாதக் கணக்கு வைக்கின்றன. தலைதூக்கிக் கையூன்றி ஆடுவது, உட்கார்ந்து கைகொட்டுவது, எழுந்து நடந்து வருவது. இது குழந்தை வளர்ச்சியின் அட்டவணையேதான். இந்தக் கணக்கைப் போட்டது புலவனா? வீட்டுக்குள் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு பார்த்த பெண்கள் போட்ட கணக்கு அது. புலவன் அதை எடுத்துக் கடவுளுக்கும் அரசனுக்கும் சூட்டினான். முதற்பருவமே 'காப்பு' என்பதைக் கவனியுங்கள். பிள்ளை தங்குமா தங்காதா என்ற பயத்தில்தான் அந்த இலக்கிய வகையே தொடங்குகிறது. மீன்காரியின் பிள்ளை அதில் பாட்டுடைத்தலைவனாக வரவில்லை என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

இதே பயத்தின் மறுபக்கம் பாலவாகடம். மாந்தம், கணம், தோஷம் என்று பிள்ளை நோய்களை வகைபிரித்து மருந்து சொல்கிற சித்த மருத்துவ நூல் மரபு. எழுதியவர்கள் ஆண்கள். அதில் பிள்ளை நோய்க்கான முக்கியமான காரணங்களில் ஒன்று தாயின் பால். அவள் தின்றது சரியில்லை, அவள் பால் கெட்டது, பிள்ளைக்கு மாந்தம் கண்டது. அதனால் பால்குடிப் பிள்ளைக்கு நோய் என்றால் பத்தியம் தாய்க்கு. மருத்துவ ரீதியாக இதில் ஒரு நியாயம் இல்லாமலில்லை, தாயையும் பிள்ளையையும் ஒரே உடம்பாகப் பார்க்கிற பார்வை அது. ஆனால் விசாரணை எங்கே போய் நிற்கிறது பாருங்கள். குற்றம் அவள் மாரில் இருக்கிறது. நவீன மருத்துவம் வந்து இந்தக் குற்றத்தை ரத்து செய்யவில்லை. பாலிலிருந்து எடுத்து மண்டைக்குள் வைத்தது. முன்னே அவள் பால் கெட்டது, இப்போது அவள் புத்தி போதவில்லை. நான் சொல்லவருகிற வரலாறு இந்த இடமாற்றத்தின் வரலாறு.

இடமாற்றம் முதலில் நடந்தது இங்கே அல்ல, லண்டனில். போயர் யுத்தத்துக்கு ஆள் எடுத்தபோது உழைக்கும் வர்க்கத்து இளைஞர்களில் ஏகப்பட்ட பேர் உடல்தகுதி இல்லாமல் திருப்பி அனுப்பப்பட்டார்கள். ஏகாதிபத்தியத்துக்குச் சிப்பாய் வேண்டும், சிப்பாய்க்கு ஆரோக்கியமான குழந்தைப் பருவம் வேண்டும். கூலியையும் வீட்டையும் சாக்கடையையும் தொடுவது செலவு. தாயைத் திருத்துவது மலிவு. 1907இல் லண்டன் செயின்ட் பாங்கிராஸ் பகுதியில் 'தாய்மார் பள்ளி' திறந்தார்கள். அன்னா டேவின் 1978இல் எழுதிய 'ஏகாதிபத்தியமும் தாய்மையும்' என்ற கட்டுரை இந்தக் கதையை விரிவாகச் சொல்கிறது. சிசுமரணத்தின் காரணம் 'தாயின் அறியாமை' என்ற கண்டுபிடிப்பு எவ்வளவு வசதியான கண்டுபிடிப்பு என்பதை அதைப் படித்தபிறகு மறக்க முடியாது.

அதே சரக்கு கப்பலேறி இங்கே வந்தது. 1885இல் டஃபரின் சீமாட்டி நிதி, 1903இல் மருத்துவச்சிகளுக்குப் பயிற்சி கொடுக்க விக்டோரியா நினைவு நிதி, 1924இல் ரீடிங் சீமாட்டி தொடங்கிவைத்த 'குழந்தை வாரம்'. கொழுகொழு குழந்தைக்குப் பரிசு, தாய்மார்களுக்குப் படம் காட்டிப் பிரசங்கம். தமிழ்நாட்டில் மருத்துவச்சி என்றால் பெரும்பாலும் நாவிதர் வீட்டுப் பெண். தீட்டைத் தொடுகிற வேலை என்பதால் அவளிடம் விடப்பட்ட வேலை அது. அவளுடைய அழுக்கு நகமும் துருப்பிடித்த கத்தியும் காலனிய அறிக்கைகளில் திரும்பத் திரும்ப வருகின்றன. அந்த நகத்தால் செத்த பிள்ளைகள் உண்டு, ரண ஜன்னி கற்பனை அல்ல. ஆனால் அவளைத் தீட்டுக்காரியாக வைத்த சாதி அந்த அறிக்கைகளில் காரணமாக எழுதப்படவில்லை. அறியாமைதான் எழுதப்பட்டது.

இன்னொரு வாத்தியாரும் அந்தக் காலத்திலேயே வகுப்பெடுக்க வந்துவிட்டார்: பால்பவுடர் கம்பெனி. 1939இல் சிங்கப்பூர் ரோட்டரி சங்கத்தில் சிசிலி வில்லியம்ஸ் என்ற டாக்டர் பேசினார். பேச்சின் தலைப்பே 'பாலும் கொலையும்'. தாய்ப்பாலுக்குப் பதிலாக டின் பாலைக் கொடுக்கச்சொல்லிப் பிரச்சாரம் செய்வது கொலைக்குச் சமம் என்றார். நர்ஸ் உடை போட்ட கம்பெனி ஆட்கள் தாய்மார்களுக்குப் 'புத்தி சொல்லி'த்தான் டின்னை விற்றார்கள். 1977இல் நெஸ்லே பகிஷ்காரம் தொடங்கியது, 1981இல் உலக சுகாதார நிறுவனம் விற்பனை நெறிகளைக் கொண்டுவந்தது, 1992இல்தான் இந்தியாவில் பால்மாவு விளம்பரத்தைத் தடுக்கச் சட்டம் வந்தது. சீம்பாலைப் பீய்ச்சிக் கீழே விட்டுச் சர்க்கரைத்தண்ணி வைக்கிறாள் என்று கிராமத்துத் தாயைத் திட்டுகிறோமே, நாலு மணிக்கு ஒருதரம் கடிகாரம் பார்த்துப் பால் கொடு, நடுவில் அழுதால் தூக்காதே என்று இருபதாம் நூற்றாண்டின் முற்பாதி முழுக்க அச்சடித்துச் சொல்லிக்கொடுத்தது யார்? பேதி கண்ட பிள்ளைக்குச் சோறு தண்ணி நிறுத்துகிறாள் என்கிறோம். குடலுக்கு ஓய்வு கொடு, பட்டினி போடு என்று ஆஸ்பத்திரிகளே பல பத்தாண்டுகள் செய்த வைத்தியம் அது. பாடம் தலைகீழாக மாறியபோதும் மாணவி மட்டும் மாறவில்லை.

இங்கே நம் பக்கத்துப் பழக்கம் ஒன்றைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். நாட்டு வைத்தியம், கைவைத்தியம் என்றாலே 'மாற்று அறிதல் முறை' என்று சிற்றிதழ்களில் கொடி பிடிக்கிறோம். உரைகல்லில் மாசிக்காயும் கடுக்காயும் ஜாதிக்காயும் உரைத்துக் கொடுப்பது, பிள்ளை பெற்றவளுக்குப் பால்சுறாவைப் புட்டாக்கிப் போடுவது எல்லாம் சரி. வசம்பைப் பேர்சொல்லாமல் 'பிள்ளை மருந்து' என்று சொல்கிற அழகும் சரி. ஆனால் அதே வசம்பு அளவு மீறினால் நஞ்சு. வயிற்றில் சூடு போடுவதும், மூக்கில் எண்ணெய் ஊதுவதும், தொக்கம் எடுக்கிறேன் என்று தொண்டையில் விரலை விடுவதும் அறிதல் முறை அல்ல, பிள்ளையைக் கொல்லும் முறை. எது எது என்று பிரித்துப் பார்க்கிற வேலையை ஆவணங்களை வைத்துத் தத்துவம் எழுதுகிற நம்மால் செய்ய முடியாது. பிள்ளை வளர்க்கிறவள் அதைத் தினமும் செய்துகொண்டிருக்கிறாள்.

இனி நம் காலத்துக்கு வருவோம். 1975 அக்டோபர் 2இல் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் நாடு முழுக்க 33 வட்டாரங்களில் தொடங்கியது. 1978இல் அல்மா ஆட்டாவில் கூடி 'அனைவருக்கும் நலவாழ்வு' என்றார்கள். மறு வருஷமே அது ரொம்பச் செலவு, தேர்ந்தெடுத்த நாலைந்து காரியங்களைச் செய்தால் போதும் என்று அமெரிக்க நிபுணர்கள் எழுதினார்கள். யூனிசெஃப் அதை நாலு சரக்காகச் சுருக்கியது: எடை பார்ப்பது, உப்புச்சர்க்கரைக் கரைசல், தாய்ப்பால், தடுப்பூசி. நாலில் மூன்று தாயின் கையில். 1980இல் உலக வங்கிக் கடனில் தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் வந்தது. முன்னோட்டம் மதுரை மாவட்டத்துக் கொட்டாம்பட்டி வட்டாரத்தில். பிறகு 173 வட்டாரங்களுக்குப் பரவியது. அதே 1980 ஜூலையில்தான் பழவேற்காடு ஏரிக்கு அந்தப் பக்கம் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து இந்தியா முதல்முறையாகத் தன் சொந்த ராக்கெட்டில் ஒரு செயற்கைக்கோளை ஏற்றியது. ஏரியின் கிழக்குக் கரையில் ராக்கெட், தென்கரையில் துடுப்பு. இதை ஓர் உருவகமாக ஆக்க நான் விரும்பவில்லை, இரண்டும் ஒரே ஏரி என்பதால் சொன்னேன்.

அந்த ஊட்டச்சத்துத் திட்டம் எளிதாகத் தூக்கியெறியக்கூடியது அல்ல. ஆறு மாதத்திலிருந்து மூன்று வயது வரையுள்ள பிள்ளையை மாதா மாதம் எடை போட வேண்டும். எடை ஏறாத பிள்ளைக்கு மட்டும் 90 நாள் சத்துருண்டை. ஏறியதும் நிறுத்திவிட வேண்டும். உருண்டை தற்காலிகம், தாய்க்குப் போகிற பாடம் நிரந்தரம் என்பது திட்டத்தின் தத்துவம். ஊழியர் உள்ளூர்ப் பெண்ணாக இருக்க வேண்டும், ஏழையாக இருந்தும் தன் பிள்ளையை நன்றாக வளர்த்தவளாக இருந்தால் உத்தமம் என்று தேர்வு விதியே சொன்னது. இதை நான் ரசித்தேன் என்று ஒப்புக்கொள்கிறேன். 'அவளால முடிஞ்சுது, உன்னால ஏன் முடியல' என்ற குத்தலும் அதற்குள் இருக்கிறது என்பது வேறு. கடுமையான சத்துக்குறைவு திட்டப் பகுதிகளில் கணிசமாகக் குறைந்தது என்று மதிப்பீடுகள் சொல்லின. குறைந்தது எடையாலா, உருண்டையாலா, பாடத்தாலா என்பதில் நிபுணர்களுக்குள் இன்றுவரை வழக்கு.

இரண்டு வருஷம் கழித்து, 1982 ஜூலை 1, எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கினார். எந்தத் தாய்க்கும் எந்தப் பாடமும் இல்லை. இரண்டு வயதுக்கு மேற்பட்ட பிள்ளை வந்து உட்கார்ந்தால் சோறு. பொருளாதார நிபுணர்களுக்குக் கோபம் வந்தது. வீண் செலவு, ஓட்டு அரசியல், குறிவைக்காத திட்டம், பிச்சைப் பழக்கம் என்றார்கள். இடதுசாரிகளும் அப்போது ரொம்ப மகிழ்ந்துவிடவில்லை. நாற்பது வருஷம் தள்ளி நின்று பார்க்கும்போது எனக்குப் படுவது இதுதான்: உலக வங்கித் திட்டம் தாயைச் சந்தேகப்பட்டது, பிள்ளையின் எடையைத் தராசில் தொங்கவிட்டு அவளை மாதா மாதம் பரீட்சை எழுதவைத்தது. எம்.ஜி.ஆரின் சோறு அவளை ஒன்றும் கேட்கவில்லை. பசியை அது பசியாகவே எடுத்துக்கொண்டது. ஆனால் மிக முக்கியமான வயதை, அந்த முதல் இரண்டு வருஷத்தை, சோறு தொடவில்லை. எடைத்தராசு தொட்டது. எது முற்போக்கு எது பிற்போக்கு என்று தீர்ப்பு எழுத அவசரப்படுகிறவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டியிருக்கிறது.

எடை அட்டையின் கதை தனி. 1950களில் நைஜீரியக் கிராமம் ஒன்றில் வேலைபார்த்த டேவிட் மோர்லி என்ற டாக்டர் உருவாக்கியது அது. அவருடைய புரட்சி கோடு கிழித்ததில் இல்லை, அட்டையைத் தாயின் கையில் கொடுத்துவிட்டதில்தான். ஆஸ்பத்திரி அலமாரியில் இருந்த பதிவேடு வீட்டுக்குப் போனது. அது எங்கள் பிள்ளையின் கணக்கு, எங்களிடம் இருக்கும் என்கிற நிலை வந்தது. இங்கே வந்தபோது அந்தக் கோடு நெடுங்காலம் மையத்துப் பதிவேட்டுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. டீச்சர் கோடு போட்டு மேலே அனுப்புவார். கோடு பச்சையா மஞ்சளா சிவப்பா என்று தாய்க்குச் சொல்லப்படும். படிக்கச் சொல்லித்தரப்பட்டதா? கல்வி என்று பேர், பாடப்புத்தகம் வாத்தியாரிடம்.

இந்தக் கதையில் நான் தயக்கமில்லாமல் கொண்டாடுகிற இடம் உப்பும் சர்க்கரையும்தான். 1971இல் வங்கதேச அகதிகள் எல்லையோரம் பன்காவில் குவிந்தபோது காலரா புகுந்தது. நரம்பில் ஏற்ற சலைன் தீர்ந்துவிட்டது. திலீப் மஹாலனபிஸ் உப்பையும் குளுக்கோஸையும் கரைத்துப் பீப்பாயில் ஊற்றிவைத்தார். நோயாளிகளுக்குக் குடிக்கக் கொடுத்தவர்கள் டாக்டர்களோ நர்சுகளோ அல்ல, பக்கத்தில் உட்கார்ந்திருந்த உறவுக்காரர்கள். நூற்றுக்கு முப்பதை ஒட்டியிருந்த சாவு நாலுக்கும் கீழே இறங்கியது. படுத்த படுக்கையான நோய்க்கு வைத்தியம் வீட்டு ஆளின் கையில் இருக்கமுடியும் என்பது மருத்துவ அதிகாரத்துக்கு விழுந்த அடி, அதனால்தான் அதை ஒத்துக்கொள்ள டாக்டர்களுக்கு ரொம்ப நாளானது. வங்கதேசத்தில் பிராக் அமைப்பு 1980 முதல் பத்து வருஷம் வீடு வீடாகப் போய் மூணு விரல் சிட்டிகை உப்பு, ஒரு பிடி வெல்லம், அரை சேர் தண்ணீர் என்று ஒரு கோடிக்கும் மேற்பட்ட குடும்பங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது. தாய்மார் எத்தனை பாயிண்ட் ஞாபகம் வைத்திருக்கிறார்கள் என்று பார்த்து ஊழியர்களுக்குக் கூலி. எல்லாரும் மனப்பாடமாகச் சொன்னார்கள். வீட்டில் பேதி வந்தபோது மிகச் சிலரே கலந்து கொடுத்தார்கள். ஏன் என்று தோண்டியபோது இரண்டு விஷயம் கிடைத்தது. சொல்லிக்கொடுத்த ஊழியர்களே தங்கள் வீட்டில் மாத்திரையைத்தான் நம்பினார்கள், பெண்களிடம் மட்டும் பேசியதால் ஆண்கள் இதை மதிக்கவில்லை. பிறகு ஊழியர்கள் தாய்மார் முன்னால் அந்தத் தண்ணீரைத் தாங்களே குடித்துக் காட்டினார்கள். ஆண்களைக் கடைத்தெருவிலும் பள்ளிவாசலிலும் தேடிப்போய்ப் பேசினார்கள். நிலைமை மாறியது. அவளிடம் குறைந்திருந்தது அறிவு அல்ல. அவள் சொல்லுக்கு வீட்டில் செல்லுபடி இல்லை.

பழவேற்காட்டுக் கரைக்கு இதில் நேரடிச் சம்பந்தம் உண்டு. காலராக் கிருமி ஆற்றுமுகத்து உவர்நீரில், கண்ணுக்குத் தெரியாத மிதவை உயிர்களின்மேல் ஒட்டிக்கொண்டு ஆண்டு முழுக்க வாழக்கூடியது. நோயாளி இல்லாதபோதும் அது தண்ணீரில் இருக்கும். 1992இன் கடைசியில் ஒரு புதிய காலரா வகை கிளம்பியது. முதலில் தென்பட்டது சென்னையில். வங்காள விரிகுடாக் கரையோரத்தில் தென்பட்டதால் அதற்கு 'பெங்கால்' என்று பேர் வைத்துவிட்டார்கள். ஏரியும் கடலும் கலக்கிற ஊர்களில் நல்ல தண்ணீர் என்பது மணலைத் தோண்டி ஊற்றிலிருந்து மொள்வது, கோடையில் அதுவும் கரித்துப்போகும். ரீட்டா கோல்வெல் குழு வங்கதேச மத்லாப் பகுதியில் ஒரு சோதனை நடத்தி 2003இல் முடிவை வெளியிட்டது. பழைய சேலையை நாலு மடிப்பாக மடித்துக் குடத்தின் வாயில் கட்டித் தண்ணீர் வடிகட்டியபோது காலரா 48 சதவீதம் குறைந்தது. புதுச் சேலையைவிடத் துவைத்துத் துவைத்து நூல் விரிந்த பழஞ்சேலை மேல். நம் ஊரில் இதற்கு 'வேடு கட்டுறது' என்று பேர், கிழவிகள் செய்துவந்த வேலை. விஞ்ஞானம் வந்து மடிப்பு எத்தனை என்று எண்ணிக்கொடுத்தது. கஞ்சித்தண்ணிக்கும் இதே கதை. பேதிக்கு உப்புப் போட்ட கஞ்சித்தண்ணி என்பது இங்கே ஆயாக்கள் சொன்னது. அரிசிமாவுக் கரைசல் காலராப் பேதிக்குப் பலன் தருகிறது என்று டாக்காவில் 1982இல் நிரூபித்தார்கள். இந்த மாதிரி இடங்களில் பாடம் என்பது கொடுக்கல் வாங்கலாக இருந்திருக்கலாம். பெரும்பாலும் அப்படி இருக்கவில்லை.

இப்போது 'தாய்' என்கிற சொல்லுக்கு வருகிறேன். திட்டங்களின் தாய் வீட்டில் உட்கார்ந்திருக்கிறாள். மீனவக் கரையின் தாய் காலையில் ஏலத்தில் மீன் எடுக்கிறாள், கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு ஊர் ஊராக விற்கிறாள். 1970களிலிருந்து இறால் ஏற்றுமதிச் சரக்கானபிறகு ஏரியின் விலையுயர்ந்த பிடிப்பு அவள் கூடையைத் தொடாமல் ஐஸ்பெட்டிக்குப் போய்விடுகிறது. பழவேற்காட்டு இருளர் பெண்கள் இடுப்பளவு தண்ணீரில் இறங்கிச் சேற்றைக் கையால் தடவி இறால் பொறுக்குவார்கள், பிடித்ததைப் போட ஓலைப் பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு. அந்நேரம் பிள்ளை எங்கே? அக்காள் இடுப்பில். ஏழெட்டு வயசுப் பொண்ணு. அவளும் இல்லாவிட்டால் ஆயாவிடம். அதாவது வீட்டில் நடக்கிற பராமரிப்பின் பெரும்பகுதியைச் செய்கிறவர்கள் பள்ளிக்கூடம் போகவேண்டிய சிறுமியும் பார்வை மங்கிய கிழவியும். இதைப் புரிந்துகொண்ட ஒரே முயற்சி, மேலே சொன்ன மோர்லி 1978 வாக்கில் லண்டனில் தொடங்கிய 'குழந்தைக்குக் குழந்தை' இயக்கம், அண்ணன் அக்காக்களுக்கே சொல்லிக்கொடுப்பது. அதிலும் ஒரு சிக்கல். தம்பியைப் பார்த்துக்கொள்வது எப்படி என்று அக்காளுக்கு நன்றாகச் சொல்லிக்கொடுத்துவிட்டால் அவள் பள்ளிக்கூடத்துக்கு எப்போது போவது?

அவள் பள்ளிக்கூடம் போவதுதான் பிள்ளையைக் காப்பாற்றுகிற காரியம் என்று ஜான் கால்ட்வெல் 1979இல் நைஜீரியக் கணக்குகளை வைத்து எழுதினார். தாய் படித்திருந்தால் பிள்ளைச் சாவு குறைகிறது, வருமானமும் ஆஸ்பத்திரியும் ஒன்றாக இருந்தாலும் குறைகிறது. ஏன்? பள்ளிக்கூடத்தில் யாரும் அவளுக்குப் பேதி வைத்தியம் சொல்லித்தரவில்லை. படித்த மருமகள் மாமியாரைக் கேட்காமல் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போகிறாள், அங்கே டாக்டரிடம் எதிர்க்கேள்வி கேட்கிறாள், வீட்டுச் சோற்றில் பிள்ளைக்குப் பங்கு கேட்கிறாள். கர்நாடகக் கிராமங்களில் பி.எச். ரெட்டியுடன் சேர்ந்து அவர் பார்த்ததும் இதையே. கல்வி கொடுத்தது தகவல் அல்ல, துணிச்சல். பெண்ணிய நோக்கில் இது பெரிய விஷயம், மக்கள்தொகை நிபுணர் ஒருவர் வாயிலிருந்து வந்ததால் நம் ஆட்கள் கவனிக்காமல் விட்டார்கள்.

கவனித்தவர்கள் பழவேற்காடும் அன்று சேர்ந்திருந்த பழைய செங்கல்பட்டு மாவட்டத்திலேயே இருந்தார்கள். 1978இல் மத்திய அரசு முதியோர் கல்வித் திட்டம் கொண்டுவந்தது. அதில் எழுத்துச் சொல்லித்தரப் போன கிராமத்துத் தலித் பெண்கள் பன்னிரண்டு பேர், டி.கே. சுந்தரி ரவீந்திரனுடன் சேர்ந்து 1981இல் கிராமப் பெண்கள் சமூகக் கல்வி மையத்தைத் தொடங்கினார்கள். சுகாதார ஊழியர்கள் அவர்களே, பாடம் எழுதியவர்களும் அவர்களே. பிள்ளை ஆரோக்கியம் என்று தொடங்கிய பேச்சு சீக்கிரமே கர்ப்பப்பைக்கும், புருஷன் அடிப்பதற்கும், கூலிக்கும், ஆரம்ப சுகாதார நிலையத்தில் சாதி பார்த்துத் தொடுகிற கைக்கும் போனது. எங்கள் உடம்பைப் பற்றிப் பேசாமல் பிள்ளை உடம்பைப் பற்றி மட்டும் ஏன் பேசுகிறீர்கள் என்பது அவர்கள் கேட்காமல் கேட்ட கேள்வி. 1990களின் நடுவில் அவர்கள் சொந்தமாக ஆஸ்பத்திரியே நடத்தத் தொடங்கினார்கள். அதே 80களில் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட வங்காள விரிகுடாத் திட்டம் மீனவர்களுக்கென்றே முறைசாராக் கல்விப் பாடத்திட்டம் ஒன்றைத் தயாரித்தது. இரண்டுக்கும் நடுவில் உள்ள வித்தியாசம் பாடத்தின் தரத்தில் இல்லை. யார் யாரைக் கூப்பிட்டு உட்காரவைத்தார்கள் என்பதில் இருக்கிறது.

ஏரியில் வேறொரு கணக்கும் உண்டு. பழவேற்காட்டில் மீன்பிடிக்கும் இடத்தை முறைவைத்துப் பங்கிடுவதற்குப் 'பாடு' என்று பேர். உரிமையுள்ள குப்பங்களின் தலைக்கட்டுகளுக்குச் சீட்டுப்போட்டு இடம் வரும். தலைக்கட்டு என்றால் ஆண். பெண்ணுக்கு அந்தப் பட்டியலில் பெயரில்லை. சுகாதாரத்துறைப் பதிவேட்டிலோ தலைகீழ். பிள்ளையின் எடைக்கும் தடுப்பூசிக்கும் பேதிக்கும் எதிரே தாயின் பெயர், தகப்பன் ஒரு அடையாளத்துக்கு. ஏரியின் வருமானம் அவன் பேரில், பிள்ளையின் நோய் இவள் பேரில். இந்த இரண்டு பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு முறை வாசித்தால் போதும், விழிப்புணர்வு யாருக்கு வேண்டும் என்று பேசத் தொடங்கலாம்.

தமிழ்நாட்டில் பிறக்கிற ஆயிரம் பிள்ளைகளில் ஒரு வயதுக்குள் செத்தவர்கள் 1981இல் 91, 1991இல் 57, 2020இல் 13. இந்த இறக்கத்தில் தடுப்பூசிக்கும், ஆஸ்பத்திரிப் பிரசவத்துக்கும், சோற்றுக்கும், பெண்கள் பள்ளிக்கூடம் போனதற்கும் பங்குண்டு. மண்ணெண்ணெய் விளக்கில் உப்பும் சர்க்கரையும் கலந்த கைகளுக்கும் உண்டு. இன்னொரு எண்ணும் இருக்கிறது. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி இதே தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை, முந்தைய கணக்கெடுப்பைவிட அதிகம். தாய்மார்களில் பாதிப் பேருக்கு மேல் அதே சோகை. முருங்கைக்கீரையில் இரும்புச்சத்து இருக்கிறது என்பது தெரியாத தாய் தமிழ்நாட்டில் இன்று இல்லை, சுவரெல்லாம் எழுதியிருக்கிறது. உவர்மண் திட்டில் முருங்கை வைக்க இடமும், பறித்து ஆய்ந்து சமைக்க நேரமும், சமைத்ததில் கடைசியாகச் சாப்பிடுகிறவளுக்கு மிச்சமும் வேண்டும்.

அங்கன்வாடியில் தாய்மார் கூட்டம் வழக்கமாகப் பகல் பதினோரு மணிவாக்கில் நடக்கும். வெளியிலிருந்து பேச வருகிறவர் அக்கரையிலிருந்து வந்து சேரவே அந்நேரமாகிவிடும், சாயங்காலம் இருட்டுவதற்குள் திரும்ப வேண்டும். மீன் எடுத்துக்கொண்டு போனவர்கள் அந்நேரம் சந்தையில் இருப்பார்கள். வலை இழுத்துவிட்டு வந்த ஆண்கள் ஊரில்தான் இருப்பார்கள், வலை பிரித்துக்கொண்டோ தூங்கிக்கொண்டோ. அவர்களை யாரும் கூட்டத்துக்குக் கூப்பிடுவதில்லை.